1966 ஃபோர்டு மஸ்டாங் 289: சேகரிப்பிலிருந்து விற்பனைக்கு வரும் வண்டியை நம்பி வாங்கலாமா?

அமெரிக்காவில் தனியார் சேகரிப்பு ஒன்று கலைந்தால் விற்பனைக்கு வரும் வண்டிகளில் 1965, 1966 மஸ்டாங் ஒன்றாவது இருக்கும். "மைல் குறைவு, மழையே படாதது, முழுக்க ரெஸ்டோர் செய்தது" என்று விளம்பரம் சொல்லும். பெயின்ட் பளபளப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வண்டியின் விலையை முடிவு செய்வது கவுல், அதாவது முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள பெட்டிபோன்ற தகரப் பகுதி.

போனட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே சல்லடைபோல துவாரங்கள் உண்டு. காற்று உள்ளே போக வைத்த வழி அது; மழைநீரும் சருகும் அதே வழியில்தான் போகும். உள்ளே தொப்பிபோல் எழும்பிய தகரத்தைச் சுற்றிச் சருகு தேங்கி, ஈரம் காயாமல் நின்று, அடித்தகரத்தை அரித்துவிடும். சோதிப்பது சுலபம். ஒருவர் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுக்க, இன்னொருவர் வெளியே இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மட்கார்டுக்குப் பின்னால் தண்ணீர் வழிந்தால் சரி. கார்பெட்டில் சொட்டினால் கவுல் போய்விட்டது. தரைத் தகரம் புதிதாக மாற்றியிருக்கிறது என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்வார். கவுலைத் தொடாமல் தரையை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் துருப்பிடிக்கும். கண்ணாடி, போனட், இரண்டு மட்கார்டுகளையும் கழற்றி, ஸ்பாட் வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்து, மேல் தகரத்தைத் தூக்கினால்தான் இதைச் சரி செய்ய முடியும். பாகம் மலிவு, கூலிதான் கையைக் கடிக்கும். அதனால்தான் பலர் உள்ளே தாரையும் ஃபைபர் கிளாஸையும் பூசி மறைக்கிறார்கள்.

பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகரத்தின் அடிப்பகுதியிலும் பேட்டரி தட்டைச் சுற்றியும் பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்துப் பாருங்கள். 1,000 மைக்ரானைத் தாண்டினால் உள்ளே இருப்பது பட்டி. கன்வெர்ட்டிபிளாக (கூரை மடங்கும் வண்டி) இருந்தால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இறுகினால் பாடி பலமிழந்துவிட்டது.

அடுத்தது சேஸி நம்பர். முதல் இலக்கம் வருடம். அடுத்தது தொழிற்சாலை (எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டூச்சென்). பிறகு வரும் 07 கூரை வண்டி, 08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக் (பின்கூரை சரிந்து இறங்கும் வண்டி). ஐந்தாவது எழுத்துதான் இன்ஜின். 1966-இல் சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் கொண்ட 200 குதிரைத்திறன் 289 (289 கன அங்குல வி8 இன்ஜின்), ஏ என்றால் நான்கு பேரலோடு 225, கே என்றால் 271, டி (T) என்றால் ஆறு சிலிண்டர். பக்கப் பட்டையும் ஃபாக் லைட்டும் சேர்ந்த ஜிடி தொகுப்பை ஃபோர்டு ஏ, கே வண்டிகளுக்கு மட்டுமே கொடுத்தது. சி எழுத்தோடு "ஜிடி" என்று விற்றால், பட்டையும் ஃபாக் லைட்டும் பிறகு ஒட்டியவை. டி எழுத்து வண்டியில் வி8 இருந்தால் சக்கரத்தின் போல்டை எண்ணுங்கள். நான்கு என்றால் இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு சிலிண்டரின் சிறிய பிரேக்கையும் மெல்லிய ஆக்சிலையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அது ஆபத்து.

"மேட்சிங் நம்பர்ஸ்" (வண்டியோடு வந்த அசல் இன்ஜினே இருக்கிறது) என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. அந்த வருடம் இன்ஜின் பிளாக்கில் சேஸி நம்பர் அடித்தது கே இன்ஜினுக்கு மட்டும்தான். சி, ஏ வண்டிகளில் ஸ்டார்ட்டர் பக்கம் வார்ப்பில் உள்ள தேதி, வண்டி தயாரான தேதிக்குச் சற்று முந்தியதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் யாராலும் நிரூபிக்க முடியாது. ஃபோர்டின் தயாரிப்புப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட்டும் 1967 மாடலில் இருந்துதான் கிடைக்கும்.

ஓடாமல் நின்றது தனிக் கோளாறு. டயரில் தேய்மானமே இருக்காது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் வயது தெரிந்துவிடும். பழைய பெட்ரோலோடு ஸ்டார்ட் செய்யவே கூடாது. டேங்கைக் காலி செய்து, ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றி, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு, கையால் சுற்ற வேண்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, கால் அங்குல ஆறுபட்டைக் கம்பியை ட்ரில்லில் மாட்டி, ஆயில் பம்பைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி அழுத்தம் வரவைக்க வேண்டும். ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட், அதாவது 4.7 லிட்டர் ஆயில். துத்தநாகச் சேர்க்கை உள்ளதாக இருக்கட்டும், இல்லையென்றால் கேம்ஷாஃப்ட் தேயும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-4-2-6-3-7-8. ஃபோர்டின் 351 இன்ஜினின் வரிசையில் வயரை மாட்டிவிட்டு கார்புரேட்டரைப் பழி சொல்பவர்கள் உண்டு.

பிரேக்கில் மட்டும் அசல் தன்மையைப் பார்க்காதீர்கள். 1966 வரை மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967-இன் இரட்டை அறை சிலிண்டர் அதே இடத்தில் உட்காரும். குழாய்களை மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்க வேண்டும். ட்ரம் பிரேக் வண்டிக்கு ட்ரம்முக்கான சிலிண்டரையே கேட்டு வாங்குங்கள். டிஸ்க்குக்கானதை மாட்டினால் ட்ரம்முக்கு வேண்டிய மீதி அழுத்தம் லைனில் நிற்காது, பெடல் தாழ்ந்துவிடும். பழைய சிலிண்டரை டிக்கியில் வைத்துக்கொடுத்தால் அடுத்து வாங்குபவரும் குறை சொல்லமாட்டார்.

ஆட்டோமேட்டிக் கியர் "இழுக்கவில்லை" என்று விலை குறைத்துக் கேட்டால் லீவர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அக்காலத்து சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பெரிய பச்சைப் புள்ளிதான் மூன்று கியருக்கும். சிறிய புள்ளியில் வண்டி இரண்டாவது கியரில் கிளம்பும்.

நீங்களே விற்பதாக இருந்தால் பிரிங் எ ட்ரெய்லர் ஏலத் தளம் இந்த வகை வண்டிக்குப் பொருத்தம். கடைசி 2 நிமிடத்துக்குள் யாராவது விலை கேட்டால் கடிகாரம் மறுபடி 2 நிமிடத்துக்குப் போகும். கடைசி நொடியில் யாரும் பறித்துக்கொண்டு போக முடியாது. ஆனால் போலி ஜிடியை அங்கே கருத்து எழுதுபவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் வீடியோ, அடிப்பாகப் படங்கள், கவுலில் தண்ணீர் ஊற்றும் வீடியோ மூன்றையும் முதலிலேயே போடுங்கள். உரிமைப் பத்திரத்தில் உள்ள நம்பரும் மட்கார்டு விளிம்பின் கீழே அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தகரம் மாற்றும்போது அந்த நம்பர் உள்ள பகுதியையே வெட்டி எறிந்த வண்டிகளும் உண்டு.

ஓட்டுவதற்கு என்றால் எங்கள் தேர்வு சி எழுத்து, கூரை வண்டி, சி4 கியர். ஃபாஸ்ட்பேக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அதன் பின்கூரை வளைவுக்கு மட்டும்தான். அடியில் இருப்பது இதே வண்டி.