திக்கித் திக்கி ஓடும் எஞ்சினும் தண்டவாளம் துடைக்கும் ரப்பரும்

என்னிடமுள்ள மாதிரி ரயிலின் நான்கு சக்கர ஷண்டிங் எஞ்சின் (பெட்டிகளை இடம் மாற்றும் சிறு எஞ்சின்), சில மாதங்கள் பெட்டியிலேயே கிடந்த பிறகு, ஒரு சாண் தூரம்கூடச் சீராக ஓடாமல் திக்கித் திக்கி நகர்ந்தது. ஓஓ (OO) எனப்படும் மாதிரி ரயில் அளவில், 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில், 12 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் (DC) ஓடும் வகை அது. அதைச் சரிசெய்வதற்காகவே தண்டவாளம் துடைக்கும் ரப்பர் கட்டி ஒன்றை வாங்கினேன். பல நிறுவனங்கள் விற்கும் இந்தக் கட்டியில் அழுக்கைத் தேய்த்தெடுக்கும் நுண்ணிய உராய்வுத்தூள் கலந்திருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

இது செய்யும் வேலை கண்கூடானது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தின் நீளவாக்கில் அழுத்தாமல் இருமுறை இழுத்ததுமே கட்டியின் அடியில் இரண்டு கரிய கோடுகள் விழுந்தன. எண்ணெய்ப் பிசுக்கு, தூசு, சக்கரம் தொட்டும் விட்டும் ஓடுகையில் எழும் சிறுபொறிகள் விட்டுச்செல்லும் கரி ஆகியவை சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு. சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஊசிமுனை அளவே என்பதால், மெல்லிய படலம்கூட மின்சாரத்தைத் தடுக்கப் போதுமானது.

குறையும் உண்டு. தேய்க்கும்போது உதிரும் துகள்கள் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்கிடையே தங்கிவிடுகின்றன. அவற்றை உறிஞ்சி எடுக்காமல் எஞ்சினை ஓட்டினால், உராய்வுத்தூள் கியருக்குள் போய்விடும். அழுத்தித் தேய்த்தால் தண்டவாளத்தில் நுண்கீறல்கள் விழுந்து, அங்கே அழுக்கு இன்னும் எளிதாகப் படியும். ஆகவே, நெடுநாள் கிடந்த பாதைக்கும், துருவேறிய பழைய எஃகுப் பாதைக்கும் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். வாராவாரம் துடைப்பதற்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பருத்தித் துணியே மேலானது.

பாதை பளிச்சென்று ஆன பிறகும் என் எஞ்சினின் திக்கல் பாதிதான் குறைந்தது. அதைக் கவிழ்த்துவைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு சக்கர விளிம்பிலும் கரிய வளையம் படிந்திருந்தது. அந்த ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், மின்சாரத்தை நிறுத்திப் பஞ்சுக்குச்சியால் துடைப்பது, அது உலர்ந்ததும் இரு கம்பிகளால் மின்சாரம் கொடுத்துச் சக்கரத்தைக் கால் சுற்று திருப்புவது, மறுபடி நிறுத்தித் துடைப்பது என்று பொறுமையாகச் செய்தேன். சக்கரத்தின் பின்புறத்தை உரசி மின்சாரம் எடுக்க வேண்டிய பாஸ்பர் வெண்கலத் தகடுகளில் ஒன்று மயிரிழை அளவு விலகி நின்றிருந்தது. அதை இடுக்கியால் மெல்ல வளைத்துச் சக்கரத்தைத் தொடவைத்த பிறகே எஞ்சின் ஆமை வேகத்திலும் நிற்காமல் ஊர்ந்தது. எனக்கு உண்மையான மகிழ்ச்சி தந்த கணம் அதுதான். ரப்பர் மட்டும் அதைத் தந்திருக்காது.

ஆகவே, வாங்குவதற்கு முன் எஞ்சின் எங்கே திக்குகிறது என்று கவனியுங்கள். பாதையின் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் திக்கினால் இந்தக் கட்டி பயன்படும். சக்கரம் ஒருமுறை சுற்றும்தோறும் ஒரே சீராக உதறினால், கோளாறு கியரிலோ இணைப்புத் தண்டுகளிலோ இருக்கக்கூடும். அதற்கு இது உதவாது. பாதை இரண்டாகப் பிரியும் பாயின்ட்டின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் முனையில் மட்டும் நின்றுவிடும் குட்டை எஞ்சினுக்கும் இதனால் பயனில்லை. அந்த முனைக்கு மின்சாரமே வருவதில்லை.