மீட்டர் 19 என்கிறது, பங்க் பில் 17 என்கிறது

மூன்று வருடமாக ஓட்டும் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயர் வேண்டாம். வண்டியில் பெரிய குறை இல்லை, கிளட்ச் லேசு, ஏசி சென்னை மே மாதத்தையே தாங்குகிறது, பின்சீட்டில் அம்மாவுக்கு முட்டி இடிக்கும், அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் மைலேஜ் காட்டும் அந்தச் சின்னத் திரைக்காக.

வாங்கிய புதிதில் 19, 20 என்று பார்த்துப் பூரித்துப் போனேன். மாதக் கடைசியில் பெட்ரோல் செலவைக் கூட்டினால் மட்டும் எங்கேயோ உதைத்தது. சரி, பழைய முறையிலேயே பார்ப்போம் என்று டேங்க் டு டேங்க் ஆரம்பித்தேன், அதாவது டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுப்பது. ஒரே பங்க், முடிந்தவரை அதே பம்ப், டேங்க் நிரம்பி பம்ப் தானாக நின்றதும் (ஆட்டோ கட்) நிறுத்திவிட வேண்டும். கஷ்டமே அங்கேதான், "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று கேட்டுக்கொண்டே பையன் இன்னும் அரை லிட்டரை உள்ளே தள்ளிவிடுவான், அந்தத் தடவைக் கணக்கு காலி. 12 தடவை நிரப்பியதில் ஓடியது 4,860 கி.மீ., போட்டது 284 லிட்டர், அதாவது லிட்டருக்கு 17.1. திரை சொன்ன சராசரி 18.8. ஓஎம்ஆரில் சிக்னலுக்கு சிக்னல் நின்று போனாலும் சரி, திருச்சிக்கு நேராக விட்டாலும் சரி, கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதலாகவே காட்டுகிறது.

முதலில் கிலோமீட்டர் மேல்தான் சந்தேகம். செங்கல்பட்டு தாண்டி மைல்கல்லையும் போன் ஜிபிஎஸ்ஸையும் வைத்து 50 கி.மீ. பார்த்தேன், ஓடோமீட்டர் பிசகவில்லை. அப்புறம் பங்க் மேல். முத்திரை குத்திய 5 லிட்டர் அளவை எல்லா பங்கிலும் இருக்க வேண்டும், நாம் கேட்டால் ஊற்றிக் காட்ட வேண்டும். கேட்டேன், முறைத்துக்கொண்டே ஊற்றினார்கள், கோட்டுக்குச் சரியாக நின்றது. ஆக, தப்பு வண்டி போடும் லிட்டர் கணக்கில். அது பெட்ரோலை அளப்பதே இல்லை. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து இவ்வளவு போயிருக்கும் என்று ஒரு மதிப்புப் போடுகிறது, அந்த மதிப்பைத் தாராளமாக வைப்பதா கறாராக வைப்பதா என்பது தயாரிப்பவர் கையில்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு "எரர் எதுவும் இல்ல சார், இப்ப வர்றது இ20 பெட்ரோல், அதான் மைலேஜ் குறையுது" என்றார்கள். இதுதான் எனக்குக் கடுப்பு. எத்தனாலில் சக்தி குறைவு, 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஈடாக இன்ஜெக்டர் அதிக நேரம் திறக்கும், திரையில் வரும் எண்ணும் சேர்ந்தே இறங்க வேண்டும். நான் கேட்டது மைலேஜ் ஏன் குறைந்தது என்று இல்லை, இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று. அதற்குக் கடைசிவரை பதில் இல்லை, வாட்டர் வாஷ் மட்டும் இலவசமாகச் செய்து அனுப்பினார்கள்.

இதனால் திரையே தண்டம் என்று சொல்ல மாட்டேன். தவறினாலும் ஒரே அளவில் தவறுவதால் ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது. 80இல் போனால் 21, 110இல் போனால் 17 என்று காட்டும்போது அந்த நாலு வித்தியாசம் ஏறக்குறைய உண்மைதான். டயரில் காற்று இறங்கியதைக்கூட ஒருமுறை இதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்று காட்டும் எண்தான் ஆபத்து. அதுவும் இதே தாராளக் கணக்கில்தான் வருகிறது, போதாததற்கு 50க்குக் கீழே வந்ததும் எண் மறைந்து வெறும் கோடு மட்டும் நிற்கிறது. ஒரு ராத்திரி விழுப்புரம் தாண்டி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஏசியை அணைத்துவிட்டு 60இல் உருட்டியது நினைவிருக்கிறது. இப்போதெல்லாம் 120 காட்டும்போதே பங்கைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன்.