சிடி3-க்கு எந்த ஆன்டிபாடி: ஹைப்ரிடோமாவா, ரீகாம்பினன்டா?

செல்களைச் சாயமேற்றி ஒவ்வொன்றாக லேசரில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் டி செல்லைப் பிரித்துப் பார்க்க, டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி3 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும். ஹைப்ரிடோமா, ரீகாம்பினன்ட் இரண்டுமே விற்பனையில் உண்டு.

ஹைப்ரிடோமா 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்ட வழி. சுண்டெலியின் மண்ணீரல் பி செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்துவிட்டால் அது ஓயாமல் ஆன்டிபாடி சுரக்கும். ரீகாம்பினன்டில் ஆன்டிபாடியின் மரபணு வரிசையைப் படித்து, எச்இகே293 போன்ற செல்லில் ஏற்றித் தயாரிக்கிறார்கள்.

ஹைப்ரிடோமா உயிருள்ள செல். நாள்பட அது மாறலாம், மரபணுவை இழக்கலாம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 185 ஹைப்ரிடோமாக்களைச் சோதித்தபோது 59-இல் கூடுதல் ஆன்டிபாடிச் சங்கிலிகள் இருந்தன. மோனோகுளோனல், அதாவது ஒரே வகை ஆன்டிபாடி, என்பது பெயரில்தான்! ரீகாம்பினன்டில் வரிசை கையில் இருப்பதால், செல்லே செத்துப்போனாலும் அதையே மறுபடி செய்துகொள்ளலாம். பல ஆண்டு நீளும் ஆய்வுக்கு இதுவே பெரிய நிம்மதி.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஆன்டிபாடியின் வால் பகுதியான எஃப்சி. ஓகேடி3 என்ற பழைய சிடி3 குளோன் (ஒரே ஹைப்ரிடோமாவிலிருந்து வந்த ஆன்டிபாடி) சுண்டெலி ஐஜிஜி2ஏ என்ற வால் வகை. மோனோசைட் என்ற வெள்ளணுவின் எஃப்சி ஏற்பியான சிடி64 இந்த வாலை இறுகப் பிடித்துக்கொள்ளும். எஃப்சி ஏற்பிகளை மூடும் தடுப்பானைச் சேர்க்காமல் சாயமேற்றினால் சிடி3 இல்லாத மோனோசைட்டும் ஒளிரும். யுசிஎச்டி1 என்ற இன்னொரு சிடி3 குளோன் ஐஜிஜி1 வகை என்பதால் தொல்லை குறைவு. சில ரீகாம்பினன்ட் வகைகளில் எஃப்சியை மாற்றி இந்தப் பிடிமானத்தையே போக்கியிருக்கிறார்கள். மோனோசைட், மேக்ரோபேஜ் நிறைந்த மாதிரி என்றால் நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் பிஇ-சைனைன்5 போன்ற சாயங்கள் தாமாகவே மோனோசைட்டில் ஒட்டும். எஃப்சி மாற்றம் அதற்கு உதவாது. அப்புறம், எஃப்சி மனித வகையாக இருந்தால், சுண்டெலி எஃப்சியைப் பிடிக்கும் இரண்டாம்நிலை ஆன்டிபாடி அதைக் கண்டுகொள்ளாது. சாயங்களின் ஒளிக் கலப்பைச் சரிசெய்ய உதவும் காம்பென்சேஷன் மணிகளும் அந்த ஆன்டிபாடியைப் பிடிக்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இலக்கு தவறிய குளோனின் வரிசையை எடுத்துச் செய்தால், ஒவ்வொரு லாட்டிலும் அதே தவறு அச்சு பிசகாமல் வரும். ஆகவே சிடி3 இல்லாத செல்லில் ஒருமுறை சோதிப்பது இரண்டுக்கும் பொது.

நன்றாக ஓடும் பழைய பேனலை (சேர்த்துப் பயன்படுத்தும் ஆன்டிபாடித் தொகுப்பை) மாற்றச் சொல்ல மாட்டேன். மாற்றினால் சரியான அளவைக் கண்டறியும் டைட்ரேஷனை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

சாயமேற்றாமல், சிடி3 ஆன்டிபாடியால் டி செல்லைத் தூண்டுவதானால் கணக்கு தலைகீழ். கரைசலில் விட்ட ஓகேடி3-யை மோனோசைட்டின் எஃப்சி ஏற்பிகள் பிடித்துத் தருவதால்தான் தூண்டல் வலுக்கிறது. வால் பிடிமானம் இல்லாததைக் கரைசலில் விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதைத் தட்டில் பூசித்தான் பயன்படுத்த வேண்டும்.