பொங்கல் கூட்டத்தில் சென்னை–மதுரை சார்ஜர்கள்: எங்கே நிற்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

சாதாரண செவ்வாய், புதன் என்றால் சென்னை–திருச்சி–மதுரை சாலையின் பொது மின்சாரக் கார் சார்ஜர்களுக்கு ஐந்துக்கு நான்கு மார்க் தாராளமாகத் தரலாம். போகிக்கு முந்தைய நாள் காலையில் அதே சார்ஜர்களுக்கு இரண்டு தருவதே பெரிய மனசு. சார்ஜர் போதவில்லை என்பது பாதிக் காரணம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பதும், நின்றவர்கள் 100 சதவீதம் ஆகாமல் நகர மாட்டேன் என்பதும் மீதிப் பாதி.

45 யூனிட் பேட்டரி உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம், மூட்டை முடிச்சு, ஏசி எல்லாம் சேர்ந்து 100 கி.மீ. வேகத்தில் போனால் சுமார் 280 கி.மீ. ஓடும். விடிகாலையில் தாம்பரம் தாண்டியவருக்கு விழுப்புரம் வரும்போது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும், பசியும் எடுத்திருக்கும். அதனால்தான் காலை 8 முதல் 10 வரை விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையில் உள்ள ஹோட்டல் சார்ஜர்கள் திணறுகின்றன. இட்லிக்கும் வரிசை, கன்னுக்கும் (காரில் மாட்டும் சார்ஜர் பிடி) வரிசை.

போர்டில் ‘60 கிலோவாட்’ என்று இருக்கும். நம்பி நிறுத்துவதற்கு முன் எத்தனை கன் என்று பாருங்கள். பல இடங்களில் ஒரே மெஷினில் இரண்டு கன். இரண்டும் ஓடும்போது ஆளுக்கு 30 கிலோவாட்தான், மணிக்கு 30 யூனிட். 20-லிருந்து 80 சதவீதம் ஏற்ற 27 யூனிட் வேண்டும். அதாவது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக வந்தவருக்கு ஒரு மணி நேரம் வரை காத்திருப்பு, ஐந்தாவது ஆளுக்கு இரண்டு மணி நேரம். 2022-ல் பாரத் பெட்ரோலியம் இந்த வழியில் 9 பெட்ரோல் பங்க்குகளில் திறந்த சார்ஜர்கள் தொடக்கத்திலேயே 25–30 கிலோவாட் ரகம். பெரிய ஹோட்டல் வாசலைவிட அங்கே சில நேரம் வரிசை குறைவு, ஆகவே ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆப் காட்டும் ‘அவைலபிள்’ என்பதற்கு அர்த்தம் கன் எந்தக் காரிலும் மாட்டப்படவில்லை என்பது மட்டும்தான். பக்கத்தில் நான்கு கார் காத்து நிற்பது ஆப்புக்குத் தெரியாது. சார்ஜர் முன்னால் பெட்ரோல் கார் நிற்பதும் தெரியாது. ஹோட்டல் செக்யூரிட்டியின் நம்பர் இருந்தால் ஒரு போன் போடுவது ஆப்பைவிட நம்பகம்.

கூட்டத்தைத் தாண்ட எளிய வழி, பசிக்கு முன்பே நிற்பது. சென்னையில் 100 சதவீதத்துடன் கிளம்பி, திண்டிவனம் பக்கம் 57-ல் இருக்கும்போதே 25 நிமிடம் போடுங்கள். 30 கிலோவாட் கிடைத்தாலே 85-க்கு வந்துவிடும். அங்கிருந்து பெரம்பலூர் 150 கி.மீ. சொச்சம், 30 சதவீதம் மிச்சத்தோடு போய்ச் சேரலாம். உளுந்தூர்பேட்டையைக் கையசைத்துவிட்டுக் கடக்கலாம். வேகத்தை 85-க்குக் குறைத்தால் இன்னும் மிஞ்சும். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட சாலையில் கால் மணி நேரம் கூடுதலாவது மேல்.

80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியே மின்சாரம் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் அடுத்தவர் பாதி ஏற்றியிருப்பார். பின்னால் கார் நிற்கும்போது 98, 99 என்று பார்த்துக்கொண்டிருப்பது அநியாயம். டாஷ்போர்டில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது குறைந்தபட்ச மரியாதை.

‘சார்ஜர் வேலை செய்யவில்லை’ என்று பலர் விட்டுப்போவது உண்மையில் பழுதே இல்லை. கன் கனமானது; கேபிள் கீழே இழுக்க, பின்கள் சரியாக உட்காராமல், காரும் சார்ஜரும் சிக்னல் பேசிக்கொள்ளும் கட்டத்திலேயே நின்றுவிடும். கைப்பிடியை லேசாக மேலே தூக்கிப் பிடித்து, ‘டக்’ என்று பூட்டும் சத்தம் கேட்டு, திரையில் யூனிட் ஓடத் தொடங்கும்வரை விடாதீர்கள். சிவப்பு எமர்ஜென்சி பட்டனைக் குழந்தை யாராவது அமுக்கியிருந்தால் மெஷின் செத்த மாதிரி நிற்கும். அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் பட்டன் வெளியே வரும், பிறகு மெஷின் உயிர்பெறச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். கழற்றும்போது முதலில் ஆப்பில் ஸ்டாப், பிறகு கார் அன்லாக், அதன் பிறகே இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் உடைவது உங்கள் காரின் பூட்டு.

கட்டணம் பெரும்பாலும் யூனிட்டுக்கு 18 முதல் 25 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொரு ஆப், ஆப்புக்கொரு வாலட் என்பதுதான் எரிச்சல். ஸியான், டாடா பவர், ஸ்டேடிக் மூன்றையும் வீட்டிலேயே இறக்கி, பணம் போட்டு வையுங்கள். நெடுஞ்சாலையில் சிக்னல் இல்லாத மூலையில் ஓடிபிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கன் கைமாறிவிடும்.

காணும் பொங்கல் முடிந்து திரும்பும்போது நெரிசல் திசை மாறும். அதற்கு மருந்து ஊர் வீட்டின் 15 ஆம்ப் பிளக். 10 மணி நேரத்தில் ஏறக்குறைய 30 யூனிட் ஏறும். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. அப்போது காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். ஊர் போய்ச் சேர்ந்த அன்றே மாட்டிப் பார்த்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட நேரம் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், ராத்திரியில் உருகிவிடும்.