தடுப்பணைக்குக் கீழே கல் பரப்பா, தொட்டியா?

கிருஷ்ணகிரிப் பக்கம் தென்பெண்ணையில் சேரும் ஓடைகளில் தடுப்பணைக்கு ஆபத்து அடியிலிருந்துதான் வரும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும்.

அந்த வேகம் அணையடி மண்ணை அரிக்காமல் இருக்கத்தான் கீழே கற்களைப் பரப்புவார்கள், அல்லது நீர் விழுந்து வேகம் தணிய ஒரு கான்கிரீட் தொட்டி கட்டுவார்கள். கல் பரப்பு செலவு குறைவு. ஆனால் ஒரு கல் நகர்ந்தால் போதும், அந்தச் சந்தில் மண் அரித்து, இரண்டு மழையில் ஆளை முழுங்கும் பள்ளம் ஆகிவிடும்.

கான்கிரீட் தொட்டியின் முடிவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குறுஞ்சுவர் இருக்கும். மெல்லிய தகடாகப் பாய்ந்து வரும் நீர் சட்டென்று மேலெழும்பி, வெள்ளை நுரையாகப் புரண்டு, தன்னோடு தானே மோதித் தளர்கிறது. நீர்த்தாவல் என்பது இதுதான். இது தொட்டிக்குள்ளேயே நிகழ, கீழ்ப்பக்கம் போதிய நீர்மட்டம் வேண்டும். சிக்கனம் பார்த்து நீளத்தைக் குறைத்தால் தாவல் வெளியே நழுவி, கட்டியதே வீண்.

அடியில் பாறை தெரிந்தால் கல் பரப்பே தாராளம். மணல் என்றால் தொட்டிதான், தயங்கவே வேண்டாம்.