கான்ஹேரி ரோட்டில் ஓட்டம்: சில வருட அனுபவம்

மும்பையில் நீண்ட தூரம் ஓட இடம் தேடுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது போரிவலி நேஷனல் பார்க்தான். அதாவது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அதன் பிரதான வாசலிலிருந்து கான்ஹேரி பௌத்தக் குகைகள் வரை காட்டுக்குள்ளேயே போகிறது ஒரு தார் ரோடு. ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், போய்த் திரும்பினால் 12. சிக்னலுக்கு நிற்க வேண்டாம், ஆட்டோவுக்கு ஒதுங்க வேண்டாம். மெரின் டிரைவும் எனக்குப் பிடித்த இடம்தான். ஆனால் அங்கே முழுக்கச் சமதளம். இந்த ரோடு ஏறும், அதனால்தான் சில வருடங்களாக இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

வாசலை விட்டதும் கொஞ்ச தூரம் சிரமமே தெரியாது. வனராணி டாய் டிரெயினின் சின்னத் தண்டவாளம் பக்கத்தில் தென்படும். 2021 மே மாதம் டவ்தே புயலில் பாதை சேதமாகி அந்த ரயில் நின்றுபோனது. அதைப் பார்த்து வளர்ந்த போரிவலிக்காரர்களுக்கு அது அப்போது பெரிய வருத்தம், எனக்கும்தான். தஹிசர் ஆற்றைத் தாண்டிய பிறகு ரோடு வளைந்து வளைந்து மேலே போக ஆரம்பிக்கிறது. ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத் தெரியும். குகைகளை நெருங்கும் கடைசிப் பகுதிதான் கடினம்.

இங்கே வாட்ச்சைப் பார்த்து வேகத்தைப் பிடித்து ஓடக் கூடாது. தாராவியில் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், என்னை முதலில் இங்கே கூட்டி வந்தவர். "தம்பி, ரெண்டு வரி சேர்ந்தாப்ல பேச முடியலேன்னா நீ வேகமாப் போறேன்னு அர்த்தம், குறைச்சுக்கோ" என்பார். ஏற்றம் முழுவதும் எனக்கு இன்றுவரை இதுதான் அளவுகோல். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, மூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும். இப்படியே பழகியதன் பலன் ஜனவரியில் மும்பை மாரத்தானில் தெரிந்தது. பெடர் ரோடு ஏற்றத்தில் பலரும் நடக்கத் தொடங்கும்போது எனக்கு ஓட்டம் விட்டுப்போகவில்லை.

இறக்கத்தில்தான் கவனம் தேவை. திரும்பி வரும்போது கால் தானாக ஓடும், அந்தச் சுகத்தில் எட்டிப் போட்டால் மறுநாள் தொடையும் முழங்காலும் பேசும். சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்க வேண்டும். இன்னொன்று, மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தார் ரோடு ஓரத்தில் கொஞ்சம் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கால் உயரத்திலும் மற்றது பள்ளத்திலுமாக விழுந்துகொண்டே இருக்கும். ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் காரணம் இதுதான். வண்டி இல்லாத நேரத்தில் நடுரோடே நல்லது.

மாதத்துக்கு மாதம் இது வேறு ரோடு. டிசம்பர், ஜனவரி ஓடுவதற்கென்றே வந்த மாதங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலவம் பூக்கும். கனத்த சிவப்புப் பூக்கள் பொத்தென்று விழுந்து கிடக்கும், ஷூவுக்கு அடியில் நசுங்கினால் வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தேக்கெல்லாம் இலை உதிர்த்து நிற்கும், நிழல் கிடையாது, விடிகாலையைத் தவறவிட்டால் போகாமல் இருப்பதே மேல். ஜூனில் மழை பிடித்தால் காடு சில நாளிலேயே பச்சையாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த காலம் அதுதான், ரோட்டோரத்துப் பாசி மட்டும் ஆபத்து. எட்டு வருடத்துக்கு ஒருமுறை கொத்தாகப் பூக்கும் கார்வி 2016-இலும் 2024-இலும் பூத்தது, நம் குறிஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி. அடுத்தது 2032.

சிறுத்தை பற்றிக் கேட்காதவர்களே இல்லை. இருக்கிறது. 2018 கேமராக் கணக்கெடுப்பில் பூங்காவையும் ஒட்டிய பகுதிகளையும் சேர்த்து 47. பொதுவாகப் பெரிய ஆட்களை விட்டு விலகிப் போகும் விலங்குதான், ஆனாலும் மங்கலான வெளிச்சத்தில் தனியாக ஓடாதீர்கள், காதில் ஹெட்ஃபோன் வேண்டாம், ஷூ லேஸ் கட்ட ஓரப் புதரருகே குனிந்து உட்கார வேண்டாம். உட்கார்ந்த ஆள் அதன் கண்ணுக்குச் சின்ன இரையாகத் தெரியலாம். தினப்படி தொல்லை என்றால் குரங்குதான். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் விடாது, வாழைப்பழமோ பிஸ்கட்டோ வெளியே தெரியாமல் இடுப்புப் பையில் இருக்கட்டும்.

வழியில் கடை என்று நம்பிப் போகாதீர்கள், தண்ணீரைக் கொண்டு போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு வார்லிப் பழங்குடிப் பெண்கள் வெள்ளரிக்காய், நெல்லிக்காய், இலந்தைப் பழத்தைக் கூறு வைத்து உட்காருவார்கள். வியர்த்து வந்த வாய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய வெள்ளரித் துண்டைவிட நல்ல தெம்பு எனக்குத் தெரியாது. அவர்கள் இந்தக் காட்டுக்குள்ளேயே வாழ்கிறவர்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

குகைக்குள் போகத் தனி டிக்கெட். ஓடுகிறவர்கள் பெரும்பாலும் கீழிருந்தே திரும்பிவிடுகிறார்கள், அது எனக்கு மனத்தாங்கல். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், எல்லாம் கருங்கல்லில் குடைந்தவை. மூன்றாம் எண் குகையின் முகப்பில் சுமார் 7 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் புத்தரை ஒருமுறையாவது பாருங்கள். மழைநீரைச் சேர்க்கப் பாறையிலேயே வெட்டிய தொட்டிகளைக் காணவே மறுபடி போகலாம்.

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. தொடர்ந்து வருபவர்கள் காலை நடைப்பயிற்சிக்கான பாஸ் எடுத்துக்கொள்வது வசதி. ஞாயிறு வருவதானால் சீக்கிரம் வந்து சீக்கிரம் முடியுங்கள். நேரமாக ஆக வாடகை சைக்கிளில் பிள்ளைகள் இறக்கத்தில் பறந்து வருவார்கள், கான்ஹேரி பஸ்களும் ஓடத் தொடங்கும். எங்களைப் போல தாதரில் ரயில் மாறி சயான் போகிறவர்களுக்கு, பராமரிப்புக்காக ஞாயிறுகளில் சில ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் வேறு இருக்கிறது. கிளம்பும் முன் சனிக்கிழமையே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.