ரத்து செய்த பிறகும் மாதாமாதம் 1,499 ரூபாய்: பிள்ளைகள் படிக்கும் ஒரு ஆப் பற்றி

மாதச் சந்தாவில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிற ஆப் இது. மாதம் 1,499 ரூபாய், கிரெடிட் கார்டிலிருந்து தானாகவே போய்விடும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் ஓடுகிறது. பள்ளிக்கூட வாசலில் குடை நட்டு மேஜை போட்டு, சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட வருகிற தாய்மாரைப் பார்த்து ஏழு நாள் இலவசம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். புகார் இன்னும் முழுசாக முடியவில்லை, அதனால் ஆப்பின் பெயரை இங்கே போடவில்லை. பாடத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுதப்போகிறேன், அதைவிட்டு வெளியே வருவதற்குள் படுகிற பாட்டைப் பற்றித்தான் நிறைய.

பாடம் நன்றாகவே இருக்கிறது. என் மகள் ஆறாம் வகுப்பு, பின்னக் கணக்கு என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரே நீளமுள்ள இரண்டு பட்டைகளில் ஒன்றை நாலாகவும் இன்னொன்றை ஆறாகவும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆறில் ஒன்றை விட நாலில் ஒன்று ஏன் பெரிசு என்று எனக்கே விளக்கம் சொன்னாள். இங்கிலீஷ் வகுப்பு சுமார்தான். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டில் டியூஷன் சேர்த்துவிட்டோம், ஆப் தேவைப்படவில்லை, ரத்து செய்தோம். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

சேருவதற்கு ஒரு ஓடிபி போதும். வெளியே வர, முதலில் ரத்து என்கிற வார்த்தையையே தேட வேண்டியிருக்கிறது. மெனுவில் கிடையாது, புரொஃபைலுக்குள் போய், திட்டத்துக்குள் போய், கீழே வரைக்கும் தள்ளினால் 'சிறிது காலம் நிறுத்தி வை' என்று பெரிய பச்சைப் பட்டன், அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் 'ரத்து'. அதை அழுத்தினால் சாட்டுக்குப் போகிறது, சாட்டில் காரணம் சொன்னால் 'ஆலோசகர் உங்களை அழைப்பார்' என்கிறது, ஆலோசகர் கூப்பிட்டு பாதி விலைக்குத் தருகிறேன், பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்தலாமா என்று கேட்கிறார். ஒரு தாயிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன பிறகுதான் 'உங்கள் சந்தா ரத்து செய்யப்பட்டது' என்று தேதி போட்டு மெயில் வந்தது. அந்த மெயிலைப் பத்திரமாக வைத்திருந்தேன், கடைசியில் எனக்குக் கைகொடுத்தது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் பணம் போனது. அதற்கு அடுத்த மாதமும். ஸ்டேட்மென்டில் ஆப்பின் பெயர் இல்லை, அதை நடத்துகிற கம்பெனியின் பதிவுப் பெயர், அதுவும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. பணம் போவதற்கு முந்தின நாள் பேங்கிலிருந்து வருகிற எஸ்எம்எஸ்ஸிலும் அதே பெயர்தான், அந்தப் பெயரில் நாம் எதையும் வாங்கியதே இல்லையே என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் தெரு மைனி ஒருத்தர், "இது ஏதோ இன்சூரன்ஸ்னுல்லா நினைச்சேன்" என்றார், அவர் கார்டிலும் இதே வரிதான். உங்கள் ஸ்டேட்மென்டில் விளங்காத ஒரு பெயரில் ஒரே தொகை ஒரே தேதியை ஒட்டி மாதாமாதம் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மாதிரிச் சந்தாக்களைத்தான்.

ஆப்காரர்களிடம் கேட்டால் பில்லிங் சைக்கிள் தொடங்கிவிட்டது, பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது என்று ஒரு பதில், உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது என்று இன்னொரு பதில். மனிதர் யாரும் படித்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. இவர்களோடு மல்லுக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை, ஆனால் எழுத்தில் ஒரு முறையாவது கேட்டு வைக்க வேண்டும், ஏனென்றால் 'கடைக்காரரிடம் கேட்டீர்களா' என்பதுதான் பேங்கின் முதல் கேள்வி.

இனி பேங்க் பக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கேதான் நிறையப் பேர் வழி தப்புகிறார்கள்.

மாதாமாதம் கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு நாம் கொடுக்கிற அனுமதிக்கு இ-மேண்டேட் என்று பெயர். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இதற்கான விதிகளைக் கட்டாயமாக்கிவிட்டது. அனுமதி கொடுக்கும்போது ஓடிபி கட்டாயம், ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் பேங்க் நமக்குத் தகவல் சொல்ல வேண்டும், அந்தத் தகவலில் யார் எடுக்கிறார், எவ்வளவு, என்றைக்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் அப்போதே விலகுவதற்கும் வழி இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் வரை மறுபடி ஓடிபி கேட்காமலே எடுக்கலாம். முன்பு 5,000 ஆக இருந்ததை 2022 ஜூனில் இப்படி உயர்த்தினார்கள். நம்முடைய 1,499 சத்தமில்லாமல் போவது இதனால்தான். ஆப்பில் சந்தாவை ரத்து செய்தாலும், அவர்கள் தங்கள் பக்கம் நிறுத்தாதவரை இந்த மேண்டேட் பேங்கில் உயிரோடு இருக்கும். அதை நாமே பேங்க் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ போய் ரத்து செய்யலாம், இதற்குக் கட்டணம் கிடையாது, ஆப்காரர்களின் சம்மதமும் தேவையில்லை. கார்டு பகுதிக்குள் 'இ-மேண்டேட்' அல்லது 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று இருக்கும். பல பேங்குகளுக்கு இது பில்டெஸ்க் என்கிற பணப் பரிமாற்றக் கம்பெனி நடத்துகிற எஸ்ஐ ஹப் என்கிற தளத்தில் திறக்கும், அதைப் பார்த்து மோசடிப் பக்கம் என்று பயந்து மூடிவிட வேண்டாம், ஆனால் பேங்க் ஆப்பின் உள்ளிருந்தே போங்கள், எஸ்எம்எஸ்ஸில் வருகிற லிங்க்கைத் தொட்டுப் போகாதீர்கள். உள்ளே போனால் நம் கார்டில் எந்தெந்தக் கம்பெனிக்கு அனுமதி இருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். ரத்து செய்யும்போது ஒரு ஓடிபி வரும், போட்டால் முடிந்தது. இந்த வேலை மட்டும் நிஜமாகவே சுளுவாக முடிந்தது.

அது இனிமேல் போகிற பணத்துக்கு அணை. ஏற்கெனவே போனதற்கு டிஸ்ப்யூட் போட வேண்டும், அதாவது இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை என்று பேங்கில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் அடுத்த வேலை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் எடுத்த எடுப்பிலேயே 'இந்தப் பரிவர்த்தனையை நீங்கள் செய்யவில்லையா, ஃபிராடா' என்று கேட்கிறார்கள். இங்கே ஆமாம் என்று சொல்லிவிட்டால் கார்டை பிளாக் செய்து மோசடிப் புகாராகப் பதிவு செய்வார்கள், கொஞ்ச நாள் கழித்து 'ஓடிபி போட்டு நீங்களேதான் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்' என்று மூடிவிடுவார்கள். வண்ணார்பேட்டை கிளையில் ஒரு அதிகாரி இதைத் தெளிவாகச் சொன்னார், அவருக்கு நன்றி: "இது ஃபிராடு கிடையாதும்மா. நீங்க கேன்சல் பண்ணுன பொறவும் எடுத்திருக்கான். அப்படியே எழுதுங்க, அதுக்குத் தனி வழி இருக்கு."

அந்தத் தனி வழி நிஜமாகவே இருக்கிறது. நம் கார்டில் விசா, மாஸ்டர்கார்டு என்று போட்டிருக்கிறதே, அவைதான் பேங்குகளை இணைக்கிற நெட்வொர்க்குகள். விசா நெட்வொர்க்கில் ரத்து செய்யப்பட்ட தொடர் பரிவர்த்தனைக்கு 13.2 என்று தனி எண்ணே வைத்திருக்கிறார்கள், மாஸ்டர்கார்டிலும் இதே காரணத்துக்கு டிஸ்ப்யூட் எழுப்பலாம். நம் பேங்க் நெட்வொர்க் வழியாக ஆப்காரர்களின் பேங்குக்கு இந்தக் கேள்வியை அனுப்பும், அவர்கள் பதில் ஆதாரம் காட்ட வேண்டும், காட்டவில்லை என்றால் பணம் நமக்குத் திரும்பும். சார்ஜ்பேக் என்பது இதுதான். இதற்குக் காலக்கெடு உண்டு, விசாவில் பொதுவாக 120 நாள், அதனால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. டிஸ்ப்யூட் படிவத்தோடு நான் வைத்தது ரத்து உறுதி மெயில், பணம் போன தேதி தெரிகிற ஸ்டேட்மென்ட் பக்கம், ஆப்காரர்களுக்கு எழுதியதும் அவர்கள் பதிலும், ரத்து தேதிக்குப் பிறகு மகள் ஒரு பாடம்கூடத் திறக்கவில்லை என்று காட்டுகிற ஆப்பின் ஸ்கிரீன்ஷாட். கடைசியில் சொன்னதை யாரும் கேட்கவில்லை, ஆனால் 'பயன்படுத்திக்கொண்டுதானே இருந்தார்கள்' என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு அது வாயடைப்பு. ரத்து மெயிலின் தேதி முன்னால், பணம் போன தேதி பின்னால், இந்த ஒன்றுதான் வழக்கே. நீளமாகக் கதை எழுத வேண்டாம், இந்த இரண்டு தேதியையும் முதல் வரியில் போடுங்கள்.

பேங்க் முதலில் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கலாம். அது முடிவு இல்லை, எதிர்த்தரப்பு ஜெயித்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதனால் செலவழித்துவிட வேண்டாம்.

எங்கள் தெருவில் சிலர் செய்வது இன்னொன்று, "சண்டைதான் நடக்குதுல்லா, அந்தப் பில்லை எதுக்குக் கட்டணும்" என்று மொத்தப் பில்லையே கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிரெடிட் கார்டு வட்டி சாதாரண வட்டி இல்லை, பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, பில்லை முழுசாகக் கட்டாவிட்டால் மளிகை வாங்கினது, பெட்ரோல் போட்டது எல்லாவற்றுக்கும் வட்டி ஓடும். டிஸ்ப்யூட்டில் இருக்கிற தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாமா என்று பேங்கிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் சம்மதம் வரவில்லை என்றால் முழுசாகக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறுவதுதான் பத்திரம். கார்டை ஒப்படைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தப்பு, ஏற்கெனவே போன பணம் அதனால் வந்துவிடாது.

பேங்குக்கும் கடமை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, பில்லில் ஒரு தொகையை நாம் மறுத்தால் புகார் தேதியிலிருந்து 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், தேவைப்பட்டால் ஆவணத்தோடு. எனக்கு வந்த முதல் பதிலில் விளக்கமே இல்லை, 'பரிவர்த்தனை செல்லுபடியாகும்' என்று ஒரு வரி மட்டும். இந்த விதியைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதிய பிறகுதான் கேஸை ஒழுங்காக எடுத்தார்கள். 30 நாள் தாண்டியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம், சிஎம்எஸ் என்கிற அவர்களுடைய புகார் இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் போடலாம். ஆப்காரர்கள் மேல் புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொடி எழுத்தில் ரத்து பட்டனை ஒளித்து வைக்கிற இந்த வேலைக்கு 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் சந்தாப் பொறி என்று பெயர் சொல்லியே தடை இருக்கிறது, அதைப் புகாரில் குறிப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையான வழக்குகளுக்கு அங்கே கட்டணமே கிடையாது. 1,499 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்டார்கள். மாதாமாதம் எத்தனை வீட்டிலிருந்து இந்த 1,499 போகிறது என்று யோசித்துப் பாருங்கள், எனக்கு அதில் வருகிற கோபம் இன்னும் அடங்கவில்லை.

மதிப்பெண் என்று கேட்டால், பாடத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், சேவைக்கு ஒன்றுகூட இல்லை. பேங்குக்கு மூன்று, அதுவும் அந்தக் கிளை அதிகாரிக்காக. பிள்ளைக்கு அவசியம் வேண்டும் என்றால், தானாகக் கழியாத வகையில் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரே தடவையாகக் கட்டுகிற வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

முதல் மாதத் தொகை திரும்ப வந்துவிட்டது, மைனிக்கும் வந்துவிட்டது. இரண்டாவது மாதத்துக்கு ஆப்காரர்கள் ஏதோ பதில் ஆவணம் கொடுத்திருக்கிறார்களாம், அதன் நகலைக் கேட்டு எழுதியிருக்கிறேன். வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.